ஆறு ஆணிகளும் ஒரு பொய்யும்

அரியாலைச் சிவகரனைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவனுடைய வாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வாய் இருந்தது. அது சாப்பிட்டது, தேத்தண்ணி குடித்தது, பக்கத்துக் கடைக்காரரோடு கிரிக்கெட்டுக்காகச் சண்டையும் பிடித்தது. ஆனால் கலியாண வயதில் ஒரு பெண் எதிரே வந்து நின்றால் போதும், அந்த வாய் பூட்டிக்கொண்டுவிடும். நாற்பத்தொரு வயது வரைக்கும் அப்படித்தான்.

கொக்குவிலில் ஒரு வீட்டுக்குப் பொம்பிளை பார்க்கப் போன கதையை நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். பலகாரம் வந்தது, பொம்பிளை வந்தாள், பெரியவர்கள் எல்லோரும் மாமரம் பார்க்கிற சாட்டில் முற்றத்துக்கு எழும்பிப் போனார்கள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை கதைக்கட்டுமாம். சிவகரன் சுவரைப் பார்த்தான். அங்கே ஒரு மணிக்கூடு ஏழு நிமிடம் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. ஆள் கதிரையில் ஏறி அதைக் கழற்றி, பின்பக்கத்தைத் திறந்து, நேரத்தைச் சரிப்படுத்தி மாட்டிவிட்டு இறங்கினான். பொம்பிளை "நன்றி" என்றாள். சந்திப்பு முடிந்தது. இரண்டு நாளில் புரோக்கர் வந்து, "தம்பி, அவைக்கு விருப்பமில்லையாம். மணிக்கூடு மட்டும் நல்லா ஓடுதாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாய்க்குச் சேர வேண்டிய கெட்டித்தனத்தையும் கடவுள் அவனுடைய கைக்கே கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில், ஒரு புடவைக்கடையின் ஓரமாக அவனுக்குப் பாதிக் கடை. மணிக்கூடு திருத்துகிறவர்கள் ரவுணில் வேறும் இருக்கிறார்கள். ஆனால் "உது வராது, வெட்டத்தான் வேணும்" என்று யாராவது கைவிரித்த சாமான் எல்லாம் கடைசியில் சிவகரனின் மேசைக்கு வந்துவிடும். உப்புக்காற்றில் இறுகிய மூடி, தலை தேய்ந்த திருகாணி, துருவேறிய பூட்டு, எது வந்தாலும் அவன் வெட்டமாட்டான். "ஊறட்டும்" என்பான். பத்தொன்பது வருடமாக அதுதான் அவன் தொழில் மந்திரம். சொன்ன தவணைக்குச் சாமானைக் கொடுப்பான், முடியாதென்றால் முடியாதென்பான். பொய்த் தவணை சொல்கிற பழக்கம் அவனிடம் இல்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மற்றப் பாதிக் கடையில் குருநகர் ஷெரோன் கைபேசி திருத்துகிறாள். இருபத்தொன்பது வயது, கலியாணம் முடித்தவள், வாய்க்குப் பஞ்சமில்லாதவள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மின்விசிறி. அது யார் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில்தான் அவர்களுக்குள் நாள் முழுக்கத் தகராறு.

அப்படி ஒரு வைகாசி மாதத்து வியாழக்கிழமை, அந்த மின்விசிறிக்கு நேரே வந்து நின்றாள் கீர்த்திகா. முப்பத்தாறு வயதிருக்கும். தோளில் ஒரு சுருள் வயர், கையில் கைலேஞ்சி முடிச்சு. முடிச்சை அவிழ்த்து ஒரு கைமணிக்கூட்டைக் கண்ணாடி மேசையில் வைத்தாள். மணிக்கூடு என்றால் சும்மா மணிக்கூடா? நாற்பத்தைந்து வருடத்துப் பழசு. உருக்குச் செயின், கண்ணி கண்ணியாகக் கோத்தது. நல்ல செயினை மேசையில் வைத்தால் துவண்டு விழ வேண்டும். இது காப்பு மாதிரி விறைத்துக்கொண்டு எழும்பி நின்றது.

"அப்பான்ரை மணிக்கூடு. நாங்கள் அளவெட்டி. சவுண்ட் சேர்விஸ் வைச்சிருக்கிறம், கோயில் திருவிழா, கலியாணவீடுகளுக்கு," என்றாள். "அப்பாக்குச் சீனி வருத்தம் வந்து கை மெலிஞ்சு போச்சு. இது இப்ப முழங்கைக்கும் விரலுக்கும் ஓடித்திரியுது. போன மாதம் கோயிலிலை ஐயர் மந்திரம் சொல்லேக்கை மைக்கிலை போய் 'டங்' எண்டு இடிச்சுது பாருங்கோ, நாலு ஸ்பீக்கர் குழாயிலையும் ஊரே கேட்டுது. ரெண்டு கண்ணி கழட்டினாக் காணும். ஒரு இடத்திலை குடுத்தம், ஆணி வருகுதில்லை, வெட்டத்தான் வேணுமெண்டினம். வெட்டினா அப்பா என்னை வெட்டிப்போடுவார். பெரியப்பா கப்பலிலை போய்க் கொண்டுவந்து குடுத்தது."

சிவகரன் அவளைப் பார்க்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தான். "ஊறட்டும்," என்றான்.

"எவ்வளவு நாள்?"

"வியாழன்."

"ஓம், வியாழக்கிழமைதான் எனக்கும் வசதி. வயர், பியூஸ் வாங்க வாறனான்," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். போன பிறகுதான் சிவகரன் நிமிர்ந்து பார்த்தான். அதை ஷெரோன் பார்த்தாள்.

வேலை தொடங்கியது. மணிக்கூட்டைச் செயினிலிருந்து பிரித்து மேசை லாச்சியில் பத்திரமாக வைத்தான். செயினில் கழற்றக்கூடிய கண்ணிகளைக் கோத்திருந்தவை ஆறு ஆணிகள், ஒவ்வொன்றும் ஊசித் தடிப்பு. கடலோரத்து ஊர்களில் இருந்து எத்தனையோ செயின் பார்த்தவன் இல்லையா, பார்த்த உடனேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான். துரு. துருவுக்கு என்று வைத்திருந்த எண்ணெயில் ஆறு நாள் ஊறப்போட்டான். ஏழாம் நாள் எடுத்து ஊசியை வைத்துத் தள்ளினால், ஊசி வளைந்தது, ஆணி அசையவில்லை. இன்னோர் ஊசி. அதுவும் வளைந்தது. மூன்றாவது ஊசி முறிந்து பறந்துபோய் ஷெரோனின் தேத்தண்ணிக் கோப்பைக்குள் விழுந்தது.

"அண்ணை, என்னைக் கொல்லப் பாக்கிறியளோ?"

"கதையாதை. எனக்கு விசர் வருது."

அவனுக்கு உண்மையாகவே ரோசம் வந்துவிட்டது. இரும்போடு தோற்ற ஆள் இல்லை அவன். வியாழக்கிழமை கீர்த்திகா வந்து நின்றபோது அந்த ரோசத்தில், வாய் பூட்டிக்கொள்வதற்குக்கூட மறந்துபோனது.

"உங்கடை அப்பா இதைக் கடலுக்குள்ளை போட்டு வைச்சிருந்தவரோ?"

"கடலோ? அளவெட்டியிலை எங்காலை கடல்?" அவள் சிரித்தாள். "அப்பா உயிரைப்போலப் பாக்கிறவர். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் வைச்சு முழுகுவார். முழுகேக்கை மணிக்கூட்டுச் செயினுக்கும் ஒவ்வொரு கண்ணிக்கும் நல்லெண்ணெய் பூசுவார். 'எனக்கு மட்டும் எண்ணெய் வைச்சா அது பாவமெல்லே' எண்டு சொல்லுவார். எனக்குத் தெரிய ஒரு சனி விட்டதில்லை."

சிவகரன் தலையில் கைவைத்தான். நாற்பத்தைந்து வருடம், வருடத்துக்கு ஐம்பத்திரண்டு சனிக்கிழமை. நல்லெண்ணெய் மேல் நல்லெண்ணெய் காய்ந்து, அதற்குமேல் கோயிலில் பூசின திருநீறும் சந்தனமும் ஏறி, எல்லாம் சேர்ந்து சீமெந்தாகிக் கிடக்கிறது. இரும்பில் பிழையே இல்லை. துரு ஒரு பொட்டும் இல்லை. அவளுடைய அப்பா பரமலிங்கத்தாரின் பாசம்தான் இவ்வளவையும் இறுக்கி வைத்திருக்கிறது. அந்தச் சீமெந்துக்குள் அவன் ஒரு கிழமையாக இன்னும் எண்ணெயை அல்லவா ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறான்!

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், ஏலவில்லை. கதிரையில் இருந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். என்ன ஏது என்று தெரியாமலே கீர்த்திகாவும் சிரித்தாள். ஒரு பெண்ணோடு சேர்ந்து சிவகரன் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று ஷெரோன் இன்றைக்கும் சத்தியம் செய்வாள்.

"எண்ணெய்தான் இறுக்கினதெண்டு அப்பாட்டைச் சொல்லாதேங்கோ," என்றான் சிவகரன், சிரிப்பு அடங்கிய பிறகு. "அவர் கவலைப்படுவார்."

கீர்த்திகா அவனை ஒரு மாதிரி நின்று பார்த்தாள். "ஓம், சொல்லமாட்டன்," என்றாள். அன்றைக்குப் போகும்போது தன்னுடைய பெயரையும் போன் நம்பரையும் எழுதி வைத்துவிட்டுப் போனாள்.

பிறகு நடந்த வேலை கண்கொள்ளாக் காட்சி. சுடுதண்ணியில் சவர்க்காரமும் சலவைச் சோடாவும் கரைத்துச் செயினை உள்ளே போட்டான். தண்ணி தேத்தண்ணி நிறமாகியது. ஊற்றிவிட்டு மறுபடி போட்டான். நாலாம் தண்ணிக்குக் கடை முழுக்கச் சந்தன வாசம். "மாதாவே, நான் வேலைக்கு வந்தனானோ கோயிலுக்கு வந்தனானோ?" என்றாள் ஷெரோன். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க, கண்ணிகளின் உட்புறத்தில் கடுகளவில் ஒவ்வோர் அம்புக்குறி தெரிந்தது. ஆணியை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று செய்தவன் அன்றைக்கே போட்டுவைத்த குறி. முதலில் கை வைத்த ஆள் அதைக் காணாமல் எதிர்ப்பக்கம் இருந்து அடித்திருக்கிறான். ஓர் ஆணியின் நுனி சப்பளிந்து போயிருந்தது. சிவகரன் அவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அந்த நுனியை மெல்லிய அரத்தால் அராவிச் சரிப்படுத்தினான்.

செவ்வாய்க்கிழமை ஷெரோனின் சூட்டுக்காற்று மெசினை இரவல் கேட்டான். கைபேசிக்குள் பொருத்தினதைச் சூடுகாட்டிக் கழற்றுகிற மெசின் அது. ஷெரோன் காற்றைப் பிடிக்க, அவன் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு ஆணியின் வாயில் ஒரு சொட்டுத் தின்னர் விட்டான். ஆறவிட்டான். மறுபடி சூடு, மறுபடி சொட்டு. ஐந்தாம் முறை அம்பு காட்டிய பக்கமாக ஊசியை வைத்து, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு.

ஆணி அசைந்தது. ஒரு மயிரளவுதான். அந்த மயிரளவுக்காகத்தானே மனிதன் பத்தொன்பது வருடமாகக் குனிந்து கிடக்கிறான்! சிவகரன் "வந்திட்டுது!" என்று போட்ட கூச்சலில் புடவைக்கடைக்காரர் கள்ளன் வந்துவிட்டான் என்று ஓடிவந்தார். பின்னேரத்துக்குள் ஆறு ஆணியும் வெளியே வந்துவிட்டன. துடைத்து, தேய்த்து, மறுபடி கோத்து உயர்த்திப் பிடித்தால், அந்தச் செயின் கையில் தண்ணிபோல வழிந்தது. ஆட்டினால் சலசல என்றது. அந்தச் சந்தோசப் புளுகத்தில் ஷெரோனுக்கும் புடவைக்கடைக்காரருக்கும் தன்னுடைய செலவில் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தான்.

புதன்கிழமை காலமை அரியாலையில் இருந்து மோட்டார்சைக்கிளில் வந்துகொண்டிருக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. நாளைக்கு வியாழன். அவள் வருவாள். மணிக்கூட்டை எடுப்பாள். போய்விடுவாள். அதற்குப் பிறகு வியாழக்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் ஒரு வித்தியாசமும் இருக்காது. அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும். அந்த "ஏதாவது" என்ன என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஆறு ஆணியையும் அசைத்தவனுக்கு அந்த ஒன்றை அசைக்க ஏலாது என்றும் தெரியும். 

வியாழக்கிழமை அவள் வந்தாள். "என்ன மாதிரி?"

சிவகரன் செயினை லாச்சிக்குள் தள்ளி மூடினான். "மூண்டு ஆணி வந்திட்டுது. மூண்டு இன்னும் இறுக்கம்," என்றான்.

பத்தொன்பது வருடத்தில் முதல் பொய். சொல்லி முடித்ததும் காது இரண்டும் சுட்டன. மேசைக்கு அந்தப் பக்கம் ஷெரோன் ஒரு கைபேசிக்குள் தலையை விட்டபடி இருமினாள்.

"சரி, ஊறட்டும்," என்றாள் கீர்த்திகா. அவளுக்கும் அந்தச் சொல் பழகிப்போயிருந்தது. பிறகு உடனே போகவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். முந்தின நாள் ஒரு கலியாணவீட்டில் மிக்சர் மெசின் நடுவில் இரைந்த கதையைச் சொன்னாள். மிக்சர் என்றால் கொறிக்கிற மிக்சர் இல்லை, எந்த மைக்குக்கு எவ்வளவு சத்தம் என்று கூட்டிக் குறைக்கிற பெட்டி. பன்னிரண்டு வருடமாக அந்தப் பெட்டிக்கு முன்னால் இருப்பவள் கீர்த்திகாதான். வயர் ஏற்றுவதும் குழாய் கட்டுவதும் அப்பாவின் பகுதி, சத்தம் இவளின் பகுதி. நாதஸ்வரக்காரர் மூச்சு எடுக்கிற இடம்கூட அவளுக்குப் பாடம். "மைக்குக்கு முன்னாலை எல்லாரும் நிறையக் கதைப்பினம்," என்றாள். "சொல்ல வந்ததை மட்டும் சொல்லாயினம்." சிவகரனுக்கு அது தன்னைச் சொன்னது போல இருந்தது. சுத்தியலை எடுத்துத் துடைத்தான்.

அவள் போனதும் ஷெரோன் திரும்பினாள். "அண்ணை, செவ்வாய்க்கிழமை நான் திண்ட ஐஸ்கிறீம் எதுக்கு?"

"வாயை மூடு."

"நான் மூடுறன். நீங்கள் எப்ப திறக்கப்போறியள்?"

அடுத்த திங்கட்கிழமை கீர்த்திகா போன் எடுத்தாள். கொடியேற்றம் கிட்டுகிறதாம், அப்பா அந்தரப்படுகிறாராம், என்ன நிலைமை என்று கேட்டாள். சிவகரன் போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டான். "இன்னும் இறுக்கமாத்தான் கிடக்கு," என்றான். கை சும்மா இருக்கிறதா? பதற்றத்தில் லாச்சியைத் திறந்து செயினை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தது.  மறுமுனையில் அவள், "சரி, வியாழன் வாறன்," என்றாள். குரலில் ஒரு சிரிப்பு இருந்தது போல அவனுக்குப் பட்டது. தன்னுடைய குற்ற உணர்ச்சிதான் அப்படிக் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

அந்த வியாழனும் வந்தாள். ஒரு மணித்தியாலம் இருந்து கதைத்தாள். ஆச்சரியம் என்னவென்றால், சிவகரனும் கதைத்தான். உப்பில் இறுகிய மூடிக்கும் எண்ணெயில் இறுகிய செயினுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி முழுதாகப் பத்து நிமிடம் கதைத்தான். கொக்குவில் மணிக்கூட்டுக் கதையையும் அவனே சொன்னான். அவள் கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். எல்லாம் வந்தது. வர வேண்டிய அந்த ஒன்று மட்டும் வரவில்லை.

இதற்கிடையில் பொய் அவனை அரிக்கத் தொடங்கிவிட்டது. லாச்சியைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் செயின் அவனைப் பார்த்தது. அங்கே ஒரு வயதான மனிதர் வெறுங்கையோடு திருவிழாவை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். இங்கே நான் என்னுடைய ஆசைக்காக அவருடைய சாமானை ஒளித்து வைத்திருக்கிறேன். இது களவில்லாமல் வேறென்ன? சனிக்கிழமை கொடியேற்றம் என்ற நிலையில், அதற்கு முந்தின வியாழக்கிழமை காலமை கடை திறந்ததும் ஷெரோனிடம் சொன்னான். "இண்டைக்குக் குடுத்திடுவன். பொய் சொன்னனான் எண்டும் சொல்லுவன்."

"மற்றதை?"

"அதைச் சொல்லுறதுக்கு இனி எனக்கு என்ன முகம் கிடக்கு?"

ஷெரோன் பகிடிவிடவில்லை. எழும்பி மின்விசிறியை அவன் பக்கம் திருப்பிவிட்டாள்.

பத்தரைக்குக் கீர்த்திகா வந்தாள். சிவகரன் எழும்பி நின்றான். லாச்சியைத் திறந்து, மினுக்கி வைத்த மணிக்கூட்டை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்தான். செயின் மேசையில் துவண்டு படுத்தது.

"நான் உங்களுக்குப் பொய் சொன்னனான்," என்றான். "ஆறு ஆணியும் வந்து இண்டைக்குப் பதினாறு நாள். நீங்கள் எடுத்துக்கொண்டு போயிடுவியள் எண்டு… நான்தான் மறைச்சு வைச்சனான். பிழை. அப்பாட்டையும் மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்கோ."

கீர்த்திகா மணிக்கூட்டைத் தொடவில்லை. "தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"வந்திட்டுதெண்டு. நான் திங்கக்கிழமை போன் எடுத்தனானெல்லே? நான் ஹெட்போன் போட்டுக்கொண்டு கதைச்சனான். நீங்கள் 'இறுக்கமாக் கிடக்கு, இறுக்கமாக் கிடக்கு' எண்டுறியள், பின்னாலை செயின் சலசலக்குது. இறுகின செயின் சத்தம் போடுமே? பன்னிரண்டு வருசமா இதுதானே என்ரை தொழில்."

சிவகரனுக்கு நிலம் இரண்டாகப் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அப்புறம்தான் கணக்கு இடித்தது. "அப்ப… அதுக்குப் பிறகு ரெண்டு வியாழன் ஏன் வந்தனீங்கள்?"

"வயர் வாங்க."

"ஓ," என்றான் சிவகரன். ஆள் நம்பிவிட்டான். அப்படியும் ஒரு மனிதன்.

கீர்த்திகா பெருமூச்சு விட்டாள். "வீட்டிலை இப்ப கீரிமலைக் கடல்வரைக்கும் இழுக்கிற அளவுக்கு வயர் கிடக்கு," என்றாள். சொல்லிவிட்டு முகம் சிவந்து, கைப்பையை எடுத்துத் தோளில் போட்டாள். "மணிக்கூட்டை நான் கொண்டுபோகேல்லை. அப்பான்ரை கை அளவு பாத்துத்தானே கண்ணி கழட்ட வேணும்? நாளைக்குப் பின்னேரம் கோயிலடியிலை நிப்பம். நீங்களே கொண்டுவாங்கோ." விறுவிறு என்று போய்விட்டாள்.

சிவகரன் நின்ற இடத்திலேயே நின்றான். "கீரிமலை வரைக்கும் ஏன் வயர்?" என்று ஷெரோனைப் பார்த்துக் கேட்டான். ஷெரோன் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில்தான் அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெளித்தது. வெளித்ததும் முகம் முழுக்கப் பல்லாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் காங்கேசன்துறை வீதியால் போய் மல்லாகத்தில் திரும்பி அளவெட்டிக்குப் போனான். கோயில் முற்றத்தில் வாழை கட்டிக்கொண்டிருந்தார்கள். சின்னாச்சி என்று ஒரு மனிசி வீதி கூட்டிக்கொண்டிருந்தாள். வேப்பமரத்தடியில் நின்று மரத்தில் ஏறியிருந்தவனைப் பார்த்து, "குழாயைக் கிழக்காலை திருப்படா!" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த மெலிந்த மனிதர்தான் பரமலிங்கத்தார். மணிக்கூட்டைக் கண்டதும் குழாயையும் மரத்திலிருந்தவனையும் மறந்துபோனார்.

சிவகரன் அவர் கையை அளந்து, கோயில் படியில் இருந்து ஊசியை வைத்து இரண்டு தட்டுத் தட்டினான். இரண்டு கண்ணிகள் சொன்னபடி கேட்டுக் கழன்று வந்தன. பூட்டை மாட்டினான். பரமலிங்கத்தார் கையை மேலே ஆட்டினார், கீழே ஆட்டினார், ஓடிப்போய் மைக்குக்குப் பக்கத்தில் ஆட்டிப் பார்த்தார். இடிக்கவில்லை, ஓடவில்லை. "அட தம்பி, முப்பது வயசிலை கட்டின மாதிரிக் கிடக்கு!" என்று சிவகரனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஐயா, ஒண்டு மட்டும். சனிக்கிழமை எண்ணெய் இனி உங்களுக்கு மட்டும் போதும்."

"அப்ப இதுக்கு?"

"இதுக்குக் காணும். நாப்பத்தைஞ்சு வருசத்துக்கானது உள்ளுக்கை போயிட்டுது."

கொட்டகைக்குள் மிக்சர் பெட்டிக்கு முன்னால் இருந்த கீர்த்திகா குனிந்து சிரித்தாள்.

"சரி தம்பி, வந்தனீர், ஒரு உதவி," என்றார் பரமலிங்கத்தார். "அந்த மைக்கிலை நிண்டு ரெண்டு வார்த்தை கதையும். நான் வடக்கு மூலையிலை நிண்டு குழாய் எப்பிடிக் கேக்குதெண்டு பாக்கிறன்." பதிலுக்குக் காத்திராமல் நடந்துவிட்டார்.

 பெண் ஒருத்தியோடு கதைக்க ஏலாதவனை ஊருக்கே கதைக்கச் சொன்னால்? சிவகரன் மைக்குக்கு முன்னால் போய் நின்று, "ஹலோ," என்றான். குழாயில் ஒன்றும் வரவில்லை.

"சத்தம் வருகுதில்லைப் பிள்ளை!" மூலையில் இருந்து அப்பா.

"பொறுங்கோ அப்பா! முதல் நான் ஹெட்போனிலை பாக்கிறன். குழாய் எல்லாம் மூடிக் கிடக்கு!" என்று கத்தினாள் கீர்த்திகா. பிறகு சிவகரனைப் பார்த்தாள். காதில் மாட்டியிருந்த ஹெட்போனை ஒரு விரலால் தொட்டுக் காட்டினாள். அதே விரலால் தன்னைக் காட்டினாள். நான் மட்டும்தான் கேட்கிறேன், கதையுங்கோ.

இடையில் முப்பது அடி தூரம். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, மைக்கைப் பார்த்தான். மைக்கும் ஓர் இரும்புச் சாமான்தானே. இரும்போடு அவனுக்கு எப்போதும் கூச்சமில்லை.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு," என்றான். மூச்சு எடுத்தான். "கீர்த்திகா, உங்களை நேரிலை கண்டா எனக்கு வாய் வருகுதில்லை. அதாலை இதுக்குள்ளை சொல்லுறன். எனக்கு உங்களைச் சரியான விருப்பம். நீங்கள் வராத வியாழக்கிழமை இனி எனக்கு வேண்டாம். பொய் இனிச் சொல்லமாட்டன். என்னைக் கலியாணம் கட்டுவீங்களோ?"

சொல்லிவிட்டான். முழுதாகச் சொல்லிவிட்டான். நெஞ்சு அடித்த அடி மைக்கில் கேட்டிருக்கும்.

கீர்த்திகா ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்தாள். பிறகு தன்னுடைய அறிவித்தல் மைக்கைக் கிட்ட இழுத்தாள். பெட்டியில் கையை வைத்து எதையோ மேலே தள்ளினாள். அவனுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஸ்பீக்கரில் மட்டும் சொல்ல நினைத்துத்தான் பிழையானதைத் தள்ளிவிட்டேன் என்று அவள் இப்போதும் சொல்கிறாள். பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடப் பிழையானதைத் தள்ளாதவள். சிவகரன் அதை நம்புவதாக இல்லை.

எங்கள் பக்கத்தில் சம்மதம் சொல்ல ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. அந்தச் சொல் நாலு குழாயிலும் ஒரே நேரத்தில் எழும்பி, கோயில் வீதி, வயல்வெளி, சந்தி எல்லாம் தாண்டிப் போனது.

"ஓம்."

வீதி கூட்டிக்கொண்டிருந்த சின்னாச்சி விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். சைக்கிளில் போனவர் காலை ஊன்றி நின்று நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். வாழை கட்டியவர்கள் கோயில் வாசலைப் பார்த்துக் கைகுவித்தார்கள். வடக்கு மூலையில் மணிக்கூடு கட்டிய கையும் மற்றக் கையுமாகக் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்ற பரமலிங்கத்தார், கண்ணைத் திறந்து கொட்டகைப் பக்கம் திரும்பி உரத்துச் சொன்னார்:

"நல்ல தெளிவு பிள்ளை! அப்பிடியே விடு, இனி ஒண்டையும் மாத்தாதை!"